யுரேனஸ் வளையங்கள்: 1977 மார்ச் 10 இரவின் பதிவுத்தாள்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

1977 மார்ச் 10-ஆம் தேதி இரவு யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே கடந்தது. அதற்காகக் காத்திருந்த ஆய்வாளர்கள் யாரும் வளையத்தைத் தேடி வந்தவர்கள் அல்ல. கோளின் விட்டத்தை அளக்க வேண்டும், அதன் மேல் வளிமண்டலத்தின் வெப்பநிலையைக் கணக்கிட வேண்டும், வேலை அவ்வளவுதான். விடிவதற்குள் அவர்களுடைய பதிவுத்தாள்களில் யாரும் எதிர்பாராத குறிகள் விழுந்திருந்தன. ஒரே பொருளின் நிழலைப் பார்த்தவர்கள் அதற்கு வெவ்வேறு பெயர் சொன்னார்கள். ஒரு குழு வளையம் என்றது. இன்னொரு குழு புதிய நிலவு என்றது.

இதைப் பெரும்பாலும் அதிர்ஷ்டத்தின் கதையாகவே சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பதிவை எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது, கண்டதை எந்தச் சொல்லால் அறிவிப்பது என்ற மூன்று தீர்மானங்கள் இந்த முடிவை உண்டாக்கின. அந்தத் தீர்மானங்களை வரிசையாகப் பார்ப்பதற்கே இந்தப் பதிவு. அதில் பங்கெடுத்தவர்களைக் குழுக்களாகவே குறிப்பிடுகிறேன்; ஆட்களின் பெயர் இங்கே தேவைப்படவில்லை.

பின்னணி: அன்றைக்கு யுரேனஸ் பற்றித் தெரிந்தது

யுரேனஸ் 1781 மார்ச் 13 அன்று இங்கிலாந்தின் பாத் நகரில் வில்லியம் ஹெர்ஷலின் தொலைநோக்கியில் பட்டது. முதலில் அவர் அதை வால்மீன் என்றே நினைத்தார். 1787-இல் டைட்டானியா, ஓபரான் என்ற இரண்டு நிலவுகளையும் அவரே கண்டார். 1851-இல் ஏரியல், அம்ப்ரியல், 1948-இல் மிராண்டா. 1977-இல் யுரேனஸுக்கு ஐந்து நிலவுகள் என்பதே பாடப்புத்தகக் கணக்கு.

மற்றபடி தெரிந்தது சொற்பம். சூரியனை ஒருமுறை சுற்ற 84 ஆண்டுகள். அச்சு 98 டிகிரி சாய்ந்திருப்பதால் கோள் பக்கவாட்டில் படுத்தபடி உருள்கிறது. தன்னைத்தானே சுற்ற எத்தனை மணி நேரம் என்பதில்கூட ஆளுக்கொரு கணக்கு இருந்தது. பூமியிலிருந்து பார்த்தால் சுமார் 4 விகலை (ஒரு விகலை என்பது ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு) அகலமுள்ள ஒரு வெளிர் பச்சைத் தட்டு, அவ்வளவே. விட்டத்தை அளக்க முயன்றவர்களின் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

வளையம் என்றால் சனி மட்டுமே. ஹெர்ஷல் யுரேனஸுக்கும் ஒரு வளையம் இருக்கலாம் என்று ஒரு கட்டத்தில் குறித்து வைத்தது உண்மை. ஆனால் அவர் யுரேனஸைச் சுற்றுவதாகச் சொன்ன வேறு நான்கு நிலவுகள் இல்லாதவை என்று பின்னர் தெரிந்ததால், அந்தக் குறிப்பை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1846-இல் நெப்டியூனுக்கு வளையம் தெரிகிறது என்று இன்னொரு பார்வையாளர் அறிவித்ததும் தொலைநோக்கியின் கோணலால் வந்த தோற்றமாகவே முடிந்தது. இப்படி இரண்டு முறை சூடுபட்ட துறை அது. வளையம் என்ற சொல்லை வாயிலெடுக்கவே தயக்கம் இருந்தது. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்தத் தயக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நட்சத்திர மறைப்பு என்ற முறை

தொலைவிலுள்ள ஒரு கோள் ஒரு நட்சத்திரத்தை மறைக்கும்போது, அந்தக் கோளின் நிழல் பூமியின் மேல் ஊர்ந்து போகிறது. நட்சத்திரம் மிகத் தொலைவில் இருப்பதால் அதன் கதிர்கள் இணைகோடுகளாகவே வருகின்றன. ஆகவே நிழலின் அளவும் மறைக்கும் பொருளின் அளவும் ஏறத்தாழ ஒன்றே. 50,000 கிலோமீட்டர் கோளுக்கு 50,000 கிலோமீட்டர் நிழல். 10 கிலோமீட்டர் பொருளுக்கு 10 கிலோமீட்டர் நிழல்.

இந்த முறையின் பலமும் அங்கேதான். யுரேனஸைச் சுற்றி 100 கிலோமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை இருந்தால், பூமியிலிருந்து அதன் கோண அகலம் ஒரு விகலையில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. எந்தப் புகைப்படத் தகடும் அதைப் பிடிக்காது. ஆனால் அதே பட்டை ஒரு நட்சத்திரத்தின் முன்னால் கடந்தால், ஒளியின் அளவைப் பதியும் ஒளிமானியின் முள் சில விநாடிகள் கீழே விழும். கண்ணுக்குத் தெரியாதது கடிகாரத்துக்குத் தெரியும்.

ஒரு சிக்கல் இருந்தது. யுரேனஸ் அந்த நட்சத்திரத்தைவிடப் பல மடங்கு பிரகாசமானது. இரண்டின் ஒளியும் சேர்ந்தே ஒளிமானிக்குள் வரும்போது நட்சத்திரத்தின் ஏற்ற இறக்கம் அமுங்கிவிடும். இதற்கு வழி யுரேனஸின் வளிமண்டலத்திலேயே இருந்தது. அங்குள்ள மீத்தேன் சிவப்பு, அகச்சிவப்புப் பகுதிகளில் சில அலைநீளங்களை விழுங்கிவிடுகிறது. அந்த அலைநீளங்களில் பார்த்தால் கோள் இருண்டுபோகும், நட்சத்திரம் எடுப்பாக நிற்கும். அந்த நட்சத்திரமும் செந்நிறச் சாயல் கொண்டதாக இருந்தது வசதியாகப் போயிற்று.

ஏற்பாடு: நிழல் தெற்கே நகர்ந்தது

துலாம் விண்மீன் குழுவிலுள்ள எஸ்ஏஓ 158687 என்ற, சுமார் ஒன்பதாம் பருமன் (வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கலான) நட்சத்திரத்தை யுரேனஸ் மறைக்கும் என்று பிரிட்டனின் ராயல் கிரீனிச் ஆய்வகத்தில் 1973-லேயே கணித்துவிட்டார்கள். இந்தியப் பெருங்கடலைச் சுற்றியுள்ள நாடுகளில் தெரியும் என்பது முதல் கணக்கு. ஆனால் நட்சத்திரத்தின் இடத்திலும் கோளின் இடத்திலும் இருந்த சிறு பிழைகளே நிழல் விழும் இடத்தை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நகர்த்தப் போதுமானவை. நாள் நெருங்க நெருங்கப் புதிய அளவீடுகள் வந்தன. நிழல் எதிர்பார்த்ததைவிடத் தெற்கே தள்ளி விழும் என்று அவை காட்டின.

தரையில் நின்று பார்ப்பவர்களுக்கு இது கெட்ட செய்தி. தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போக முடியாது. ஆனால் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகக் குழு தேர்ந்தெடுத்திருந்தது நாசாவின் கைப்பர் வான்வழி ஆய்வகத்தை. சி-141 சரக்கு விமானத்தில் 91 சென்டிமீட்டர் தொலைநோக்கியைப் பொருத்தி, 12 கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில் பறக்கவிடும் ஏற்பாடு அது. நிழல் எங்கே போகிறதோ அங்கே பின்தொடர்ந்து போகலாம். ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து கிளம்பித் தெற்கு இந்தியப் பெருங்கடலின் மேல் பறப்பது என்று முடிவாயிற்று.

முதல் முக்கியமான தீர்மானம் இங்கே வருகிறது. நிழல் வரும் நேரத்திலும் நிச்சயமின்மை இருந்ததால், கணித்த நேரத்துக்கு நாற்பது நிமிடம் போல முன்னதாகவே பதிவைத் தொடங்கிவிடுவது என்று வைத்துக்கொண்டார்கள். வளையத்துக்காக அல்ல. தங்கள் கணக்கின் மேல் அவர்களுக்கு முழு நம்பிக்கை இல்லை; இருக்கவும் கூடாது. இந்த நேர்மையான சந்தேகம் அன்றைக்குப் பெரிய வேலை செய்தது. "இத்தனை மணிக்கு மறைப்பு" என்று நம்பி ஐந்து நிமிடம் முன்னால் பொத்தானை அழுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

விமானத்துக்குள்

பதிவு தொடங்கிச் சில நிமிடங்கள். வரைதாள் ஒரே சீராக நகர்கிறது, முள் நேராகக் கோடு இழுக்கிறது. திடீரென்று முள் கீழே சரிகிறது. சுமார் 7 விநாடி கீழேயே கிடந்துவிட்டுப் பழைய இடத்துக்கு ஏறுகிறது. கோளின் மறைப்புக்கு இன்னும் அரை மணி நேரத்துக்கும் மேல் இருக்கிறது.

அப்போது உள்ளே பேசியவை ஒலிநாடாவில் பதிவாயின. முதல் சந்தேகம் கருவியின் மேல்தான் விழுந்தது. தொலைநோக்கி நட்சத்திரத்தைத் தவறவிட்டதா? பின்தொடரும் அமைப்பு நழுவியதா? மெல்லிய மேகம் குறுக்கே வந்ததா? எதிர்பாராத அளவீடு வந்தால் முதலில் தன் கருவியைச் சந்தேகிப்பது நல்ல பழக்கம். நழுவல் என்றால் யுரேனஸின் ஒளியும் சேர்ந்து ஆடியிருக்க வேண்டும். அந்த உயரத்தில் மேகத்துக்கும் இடம் குறைவு. ஒன்றுக்கு மேற்பட்ட அலைநீளங்களில் ஒரே நேரத்தில் பதிவு செய்துகொண்டிருந்ததால் ஒன்றோடொன்று ஒப்பிடவும் முடிந்தது.

பிறகு இன்னொரு சரிவு. அதன்பின் இன்னொன்று. இவை ஒரு விநாடி அளவுக்கே நீடித்த குறுகிய வெட்டுகள். கோள் நட்சத்திரத்தை மறைக்கும் முன் மொத்தம் ஐந்து. கருவிக் கோளாறு ஒருமுறை வரலாம். இவ்வளவு சுத்தமாக ஐந்து முறை வராது. நிலவுகளின் கூட்டமாக இருக்குமோ என்ற பேச்சு எழுந்தது.

பின்னர் யுரேனஸ் நட்சத்திரத்தை மறைத்தது. சுமார் 25 நிமிடம் கழித்து நட்சத்திரம் மறுபுறம் வெளியே வந்தது. வந்த வேலை முடிந்துவிட்டது: விட்டம் கிடைத்தது, வளிமண்டலத் தரவு கிடைத்தது. அவர்கள் பதிவை நிறுத்தவில்லை. இதுதான் இரண்டாவது தீர்மானம். எனக்கு முதலாவதைவிட இதுவே பெரிதாகப் படுகிறது. முன்னதாகத் தொடங்கியது கணக்கின் மேலிருந்த சந்தேகத்தால். நிறுத்தாமல் தொடர்ந்தது, கண்ணெதிரே கண்ட ஒன்றுக்கு மறுபக்கம் என்ன பதில் வருகிறது என்று கேட்டதால். மறுபக்கத்திலும் ஐந்து சரிவுகள் வந்தன.

தரையில்: பெர்த், காவலூர்

அதே இரவில் பெர்த் ஆய்வகத்தில் இன்னொரு குழு காத்திருந்தது. அங்கும் கோளின் மறைப்பு நேரத்துக்கு முன்னால் சரிவுகள் விழுந்தன. அவர்கள் தாங்கள் கண்டவற்றுக்கு எண்களை இட்டார்கள்.

இந்தியாவில் நைனிதாலிலும், தமிழ்நாட்டில் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் ஆய்வகத்திலும் தொலைநோக்கிகள் யுரேனஸை நோக்கி நின்றன. காவலூருக்கு இது புதிய வேலை அல்ல. அங்கிருந்த 1 மீட்டர் ஜெய்ஸ் தொலைநோக்கி 1972 ஜூனில் வியாழனின் நிலவான கனிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்ததைப் பதிவு செய்து, அந்த நிலவுக்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்ற பேச்சுக்கு இடம் கொடுத்திருந்தது. விநாடிகளில் முடியும் நிகழ்வைத் துல்லியமான நேரக்குறிப்போடு பிடிக்கும் கைப்பழக்கம் அங்கே இருந்தது.

திருத்திய கணக்கின்படி கோளின் நிழல் இந்தியா வரை எட்டும் வாய்ப்பு குறைவு. ஆனாலும் தொலைநோக்கியைத் திருப்பி வைத்துப் பதிவு செய்தார்கள். இந்திய நேரப்படி அது மார்ச் 11-ஆம் தேதியின் பின்னிரவு. அவர்களுடைய தாளிலும் பல விநாடி நீளமுள்ள ஒரு தெளிவான சரிவு விழுந்தது. இவ்வளவு நேர்மையாகக் கிடைத்த தரவைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் எடுத்த முடிவு: யுரேனஸுக்கு ஒரு புதிய துணைக்கோள்.

இதைத் தவறு என்று இன்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அன்றைய நிலையில் நின்று பார்க்க வேண்டும். ஒரு கோளுக்கு அருகே ஒரு பொருள் நட்சத்திரத்தைச் சில விநாடிகள் மறைக்கிறது. யுரேனஸுக்கு நிலவுகள் உண்டு என்பது தெரிந்த செய்தி; வளையம் உண்டு என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. தெரிந்த வகையில் ஒரு புதிய உறுப்பினரைச் சேர்ப்பது, தெரியாத வகையை உருவாக்குவதைவிட அடக்கமான விளக்கம். விமானத்துக் குழுவுக்கும் முதலில் தோன்றியது நிலவுகள்தான்.

தீர்மானம்: நிலவா, வளையமா

விமானக் குழு தங்கள் பதிவின் முன்பாதியையும் பின்பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. ஒவ்வொரு சரிவும் யுரேனஸின் மையத்திலிருந்து எவ்வளவு தொலைவில் நடந்தது என்று கணக்கிட்டது. உட்புறத்து நான்கு சரிவுகளுக்கும் மறுபக்கத்தில் ஏறத்தாழ அதே தொலைவில் ஜோடி இருந்தது. நான்கு நிலவுகள் ஒரு பக்கம் நின்று, இன்னொரு நான்கு நிலவுகள் மறுபக்கத்தில் அதே தொலைவுகளில் அதே இரவில் நிற்பது நடக்காத காரியம். கோளைச் சுற்றிவரும் நான்கு மெல்லிய வட்டங்கள் என்றால் எல்லாம் சரியாகப் பொருந்துகிறது.

ஐந்தாவது மட்டும் முரண்டு பிடித்தது. வெளிப்புறத்து நீண்ட சரிவு இரண்டு பக்கமும் ஒரே தொலைவில் இல்லை. நீளமும் ஒன்றாக இல்லை. பொருந்தாததை ஒதுக்கிவிட்டு நான்கு வளையம் என்று எழுதியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், மற்றவற்றிலிருந்து வேறுபட்ட, சுமார் 100 கிலோமீட்டர் அகலமுள்ள ஐந்தாவது வளையமாக அதையும் பட்டியலில் வைத்தார்கள். அந்த முரண்பாடு பிழை அல்ல என்று பிறகு தெரிந்தது. எப்சிலான் என்று பெயரிட்ட அந்த வளையம் சற்றே நீள்வட்டமானது. கோளுக்கு நெருங்கிய இடத்தில் அதன் அகலம் சுமார் 20 கிலோமீட்டர். தொலைவான இடத்தில் 96.

இன்னொரு சான்றும் இருந்தது. அது ஒற்றை இடத்துத் தாளில் தெரியாதது. பெர்த்துக்கும் காவலூருக்கும் இடையே 6,000 கிலோமீட்டருக்கும் மேல் தூரம். நிழலின் அளவும் பொருளின் அளவும் ஒன்றே என்று மேலே சொன்னேன். ஒரு சிறு நிலவின் நிழல் பூமியில் அதே அகலமுள்ள ஓர் ஒடுங்கிய பாதையில்தான் ஊரும். அந்தப் பாதைக்கு வெளியே நிற்பவருக்கு எதுவும் தெரியாது. கடலின் மேல் பறந்த விமானம், பெர்த், காவலூர் ஆகிய மூன்று இடத்திலும் நீண்ட சரிவு தெரிந்தது என்றால், மறைத்த பொருள் ஒரு திசையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீண்டிருக்க வேண்டும். மறைத்த நேரமோ அதன் குறுக்களவு 100 கிலோமீட்டர்தான் என்கிறது. நீண்டு, ஒடுங்கி, வளைந்த பொருளுக்கு வளையம் என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை. காவலூரின் சரிவு தனியாக நின்றபோது ஒரு நிலவைக் காட்டியது. மற்றவற்றோடு சேர்த்துப் படித்தபோது அதே சரிவு வளையத்துக்கு உறுதியான சாட்சியாயிற்று.

1977 மே 26 தேதியிட்ட நேச்சர் அறிவியல் இதழில் மூன்று குழுக்களின் அறிக்கைகளும் அடுத்தடுத்த பக்கங்களில் வெளிவந்தன: முதலாவது விமானக் குழுவின் வளையங்கள், அடுத்தது பெர்த்தின் வளையங்கள், மூன்றாவது காவலூரின் புதிய துணைக்கோள். ஒரே இரவின் தரவிலிருந்து வந்த இருவேறு முடிவுகளை இதழ் ஒன்றாக அச்சிட்டது நல்ல காரியம் என்றே நினைக்கிறேன். அந்த ஆண்டு முடிவதற்குள் காவலூர் தரப்பும் தங்கள் பதிவை மறுபடி ஆராய்ந்து, வளைய அமைப்பு என்ற முடிவோடு அதே இதழில் எழுதியது. ஏழு மாதத்துக்குள் தன் முடிவைத் தானே திருத்தி அச்சில் வைப்பது சின்ன விஷயம் அல்ல.

பின்தொடர்ந்தவை

1978 ஏப்ரல் 10 அன்று வேறொரு நட்சத்திரத்தை யுரேனஸ் அமைப்பு மறைத்தபோது சிலியின் லாஸ் காம்பனாஸ் ஆய்வகத்திலிருந்து பார்த்தார்கள். வளையங்களின் எண்ணிக்கை ஒன்பது என்று நின்றது.

பெயர் வைத்த கதை இன்றும் பட்டியலில் தழும்பாக இருக்கிறது. விமானக் குழு கிரேக்க எழுத்துகளை வைத்தது. பெர்த் குழு எண்களை வைத்தது. பின்னால் கிடைத்த ஒன்று நடுவில் புகுந்தது. ஆகவே உள்ளிருந்து வெளியே எண்ணினால் வரிசை இப்படி: 6, 5, 4, ஆல்ஃபா, பீட்டா, ஈட்டா, காமா, டெல்டா, எப்சிலான். முதன்முறை படிப்பவர்களுக்கு இது குழப்பமாக இருக்கும். யார் எதைக் கண்டார்கள் என்பதை அந்தப் பட்டியலே சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஒரு பெரிய கேள்வி மிச்சம் இருந்தது. தனித்தனித் துண்டுகளால் ஆன வளையம் மோதல்களால் மெல்ல மெல்லப் பரவி அகன்றுவிட வேண்டும். 10 கிலோமீட்டருக்கும் குறைவான அகலத்தில் எப்படி அடங்கியிருக்கிறது? 1979-இல் ஒரு விளக்கம் வந்தது: வளையத்தின் இருபுறமும் சிறு நிலவுகள் ஓடிக்கொண்டு, மேய்ப்பர்கள் மந்தையை அடக்குவதுபோல் தங்கள் ஈர்ப்பால் துண்டுகளை உள்ளுக்குத் தள்ளுகின்றன என்று.

1986 ஜனவரி 24 அன்று வாயேஜர் 2 விண்கலம் யுரேனஸின் மேகங்களுக்கு மேல் சுமார் 81,500 கிலோமீட்டர் தொலைவில் கடந்தது. எப்சிலான் வளையத்துக்கு உள்ளே கார்டீலியா, வெளியே ஒபீலியா என இரண்டு நிலவுகள் சிக்கின. இரண்டும் 40 கிலோமீட்டர் அளவுள்ளவை. மற்ற வளையங்களுக்கு இப்படிச் சுத்தமான ஜோடி கிடைக்கவில்லை. அவற்றை அடக்கி வைத்திருப்பது எது என்பது இன்னும் திறந்த கேள்வி. வளையத்துண்டுகள் கரியைப்போல் இருண்டவை என்பதும் உறுதியாயிற்று. சனியின் வளையம் பனிக்கட்டியால் மின்னுகிறது, இது வெளிச்சத்தை விழுங்குகிறது. இரண்டு நூற்றாண்டு எந்தக் கண்ணுக்கும் படாமல் இருந்ததற்கு ஒடுக்கம் பாதிக் காரணம் என்றால் இந்த இருட்டு மீதிக் காரணம்.

அதே பயணத்தில் மேலும் இரண்டு வளையங்களும், பல சிறு நிலவுகளும், தன் சுழற்சி அச்சிலிருந்து ஏறத்தாழ 59 டிகிரி விலகிக் கிடக்கும் காந்தப்புலமும் தெரிந்தன. 470 கிலோமீட்டர் விட்டமே உள்ள மிராண்டாவில் பல கிலோமீட்டர் உயரச் செங்குத்துப் பாறைச் சுவர்கள் இருந்தன. ஒட்டுப்போட்ட துணிபோல் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நிலப்பரப்புகள். 2003-இலிருந்து ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்களில் வெகு வெளியே இரண்டு தூசு வளையங்கள் கிடைத்து, எண்ணிக்கை 13 ஆயிற்று.

ஒப்பீடு: நெப்டியூனில் அதே கேள்வி

யுரேனஸுக்குப் பிறகு எல்லோரும் நெப்டியூனை நோக்கித் திரும்பினார்கள். 1981 மே 24 அன்று நெப்டியூன் ஒரு நட்சத்திரத்தை நெருங்கிக் கடந்தபோது ஒரு சரிவு பதிவாயிற்று. ஒரே ஒரு சரிவு, மறுபக்கத்தில் ஜோடி இல்லை. யுரேனஸ் அனுபவம் கையில் இருந்தும் அந்தக் குழு அதை நெப்டியூனின் மூன்றாவது நிலவு என்றே அறிவித்தது. 1989-இல் வாயேஜர் 2 அங்கே போனபோது அந்த நிலவு இருந்தது. இன்று அதன் பெயர் லாரிசா, சுமார் 190 கிலோமீட்டர் விட்டம்.

1984 ஜூலை 22 அன்று சிலியில் வெவ்வேறு ஆய்வகங்கள் இரண்டிலிருந்து நெப்டியூன் அருகே ஒரு சரிவைப் பார்த்தார்கள். இதற்கும் மறுபக்கத்தில் ஜோடி இல்லை. ஆனால் தள்ளித் தள்ளி இருந்த இரண்டு இடத்தில் தெரிந்ததால் சிறு நிலவாக இருக்க முடியாது. வளையத்தின் ஒரு துண்டு, ஒரு வில் என்று முடிவுசெய்தார்கள். 1989-இல் தெரிந்தது: வளையம் முழுதாக இருக்கிறது, ஆனால் மிக மெல்லியது, சில இடங்களில் மட்டும் பொருள் திரண்டு வில்களாக நிற்கிறது. அந்தத் திரட்சி குறுக்கே வந்தால்தான் பூமியிலிருந்து தெரியும்.

காவலூர் முடிவை மதிப்பிடும்போது இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஒற்றைச் சரிவை வைத்து நிலவு என்று சொன்ன இரண்டு குழுக்களில் ஒன்றின் முடிவு மாறியது, மற்றதன் முடிவு நின்றது. யோசித்த விதத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. வேறுபட்டது வானம்.

மறுபடி செய்வதானால்

முதலாவது, பதிவின் நீளம். 1977-இல் நாற்பது நிமிட முன்னேற்பாடு கணக்கின் நிச்சயமின்மையால் வந்தது. இன்று நட்சத்திரங்களின் இடங்களை கையா விண்கலம் அவ்வளவு துல்லியமாகத் தந்துவிட்டதால் மறைப்பு நேரத்தை முன்கூட்டியே நெருக்கமாகச் சொல்ல முடிகிறது. இந்தத் துல்லியமே ஒரு ஆபத்து. நேரம் நிச்சயம் என்பதால் பதிவைச் சுருக்கிக்கொள்ளத் தோன்றும். கோளின் நிழலுக்கு ஒதுக்கும் நேரத்தோடு, அதைச் சுற்றி நிலையான பாதைகள் இருக்கக்கூடிய தொலைவு முழுதுக்குமான நேரத்தையும் இருபக்கமும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

இரண்டாவது, அறிவிக்கும் சொல். "துணைக்கோள்" என்பதும் "வளையம்" என்பதும் விளக்கங்கள். தாளில் இருந்தது "இன்ன நேரத்தில், இன்ன இடத்தில், இத்தனை விநாடி ஒளிச்சரிவு" என்பது மட்டுமே. முதல் அறிவிப்பில் அதை மட்டும் சொல்லி, மற்ற நிலையங்களின் நேரங்கள் வரும்வரை பெயரை நிறுத்தி வைத்திருந்தால் யாருக்கும் இழப்பில்லை. அச்சுக்கு முன்பே மூன்று குழுக்களும் தங்கள் நேர அட்டவணைகளைப் பகிர்ந்திருந்தால், நிலவா வளையமா என்ற கேள்வியை நேச்சர் இதழ் வரும் முன்பே தீர்த்திருக்கலாம்.

மூன்றாவது, பழைய பதிவுகள். 2013 ஜூன் 3 அன்று சாரிக்ளோ என்ற, 250 கிலோமீட்டர் அளவுள்ள சிறு பொருள் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது தென் அமெரிக்காவின் பல இடங்களிலிருந்து பார்த்தார்கள். மறைப்புக்கு முன்னும் பின்னும் ஜோடி ஜோடியாகக் குறுகிய சரிவுகள். இம்முறை யாரும் நிலவு என்று தொடங்கவில்லை. சாரிக்ளோவுக்கு இரண்டு வளையங்கள் என்று 2014-இல் அறிவித்தார்கள். நெப்டியூனுக்கு அப்பாலுள்ள குவாவருக்கு வளையம் உண்டு என்ற அறிவிப்பு 2023-இல் வந்தது. அதற்கு ஆதாரமானவை 2018 முதல் 2021 வரை நடந்த மறைப்புகளின் பதிவுகள். மறைப்பு நேரத்துக்கு வெளியே, ஓரத்தில் கிடந்த சரிவுகள் அவை. பதிவை நீளமாக ஓட விட்டவர்கள் அதை அழிக்காமலும் வைத்திருந்தார்கள்.